எண்டோமெற்றியோசிஸா, அடினோமயோசிஸா? உட்படை ஒன்று, அது வளரும் இடம் இரண்டு

கிளினிக் கொப்பிக்குள் மடித்து வைத்த ஸ்கான் றிப்போட்டை வீட்டுக்கு வந்து விரித்துப் பார்க்கும்போதுதான் பலருக்குக் குழப்பம் தொடங்குகிறது. ஒருத்தியின் றிப்போட்டில் எண்டோமெற்றியோசிஸ் என்று இருக்கிறது. இன்னொருத்தியின் றிப்போட்டில் அடினோமயோசிஸ். இருவருக்கும் மாதவிடாய் நாட்களில் தாங்க முடியாத நோ, நாரி உளைவு, உடல் அசதி. இருவருக்கும் டொக்டர் சொன்னது ஏறக்குறைய ஒரே வசனம்: கருப்பையின் உட்படை இருக்கக்கூடாத இடத்தில் வளர்ந்திருக்கிறது.

அப்படியானால் இரண்டும் ஒன்றா? இல்லை. இது வெறும் பெயர்ச் சண்டையும் இல்லை. பக்கத்து வீட்டு அக்கா கருப்பையை எடுத்த பிறகு சுகமாகிவிட்டார் என்றால், 26 வயது மகளுக்கும் கடைசியில் அதுதான் வழியோ என்று தாய் பயப்படுகிறார். அந்த அக்காவுக்கு இருந்தது ஒரு வருத்தம், மகளுக்கு இருப்பது வேறொன்று என்றால், அக்காவின் வைத்தியத்தால் மகளுக்குச் சுகம் வரும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. அதனால் அடியிலிருந்து தொடங்குவோம்.

முதலில், கருப்பையின் சுவர்

கருப்பை ஏறக்குறைய 7 முதல் 8 சென்றிமீற்றர் நீளமான, தலைகீழாக வைத்த கொய்யாப்பழம் போன்ற உறுப்பு. அதன் சுவரில் மூன்று படைகள் உண்டு.

1. வெளியே மெல்லிய போர்வை.
2. நடுவே தடித்த தசைப்படை. பிள்ளைப்பேற்றின்போது குழந்தையைத் தள்ளுவதும் மாதவிடாயின்போது இறுகிச் சுருங்குவதும் இதுதான்.
3. உள்ளே உட்படை. எண்டோமெற்றியம் என்று றிப்போட்டில் வருவது இதைத்தான்.

மாதாமாதம் மாறுவது மூன்றாவது படை. ஈஸ்திரஜன் அதை வளர்க்கிறது, புரஜெஸ்தரோன் அதைப் பக்குவப்படுத்துகிறது. கரு தங்காவிட்டால் இரண்டு ஹோர்மோன்களும் இறங்கும், உட்படை உதிரும், இரத்தத்தோடு வெளியேறும். அதை வெளியேற்றத் தசைப்படை சுருங்குகிறது. அந்தச் சுருக்கத்தைத் தூண்டுகிற இரசாயனத்தின் பெயர் புரொஸ்டாகிளாண்டின். சாதாரண மாதவிடாய் வயிற்றுக்குத்துக்கு அதுதான் காரணம்.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. உடலின் பல உறுப்புகளில் உட்படைக்கும் தசைக்கும் நடுவே இன்னொரு மென்படை இருக்கும். கருப்பையில் அது இல்லை. உட்படை நேராகத் தசையின்மேல் உட்கார்ந்திருக்கிறது. இந்த அமைப்பை மனதில் வைத்துக்கொண்டால் அடுத்த பகுதி இலகுவாக விளங்கும்.

இடம்தான் வித்தியாசம்

எண்டோமெற்றியோசிஸ் என்பது உட்படையை ஒத்த திசு கருப்பைக்கு வெளியே வளர்வது. சூலகங்களில், அங்கிருந்து கருப்பைக்கு வரும் பலோப்பியன் குழாய்களில், இடுப்புக்குழியின் மெல்லிய போர்வையில், கருப்பைக்கும் மலக்குடலுக்கும் நடுவேயுள்ள பள்ளத்தில், சிலருக்குக் குடலிலும் சலப்பையிலும் அது ஒட்டியிருக்கும். சீஸர் செய்த தழும்பில் ஒரு சிறு கட்டி மாதாமாதம் வீங்கி நொந்து பிறகு அடங்கினால், அதுவும் இந்த வகையாக இருக்கலாம். மிக அரிதாக நுரையீரலைச் சுற்றியும் காணப்பட்டிருக்கிறது.

அடினோமயோசிஸ் என்பது அதே உட்படைத் திசு கருப்பையின் சொந்தத் தசைச் சுவருக்குள்ளேயே இறங்கி வளர்வது. கருப்பையை விட்டு அது வெளியே போகாது. ஆனால் சுவர் தடிக்கும், கருப்பை பெருத்து உருண்டையாகும், தொட்டால் நோகும்.

எங்கள் ஊர்க் காணி ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்குள் இருக்க வேண்டிய விதை வளவெல்லாம் சிதறி, வேலியோரத்திலும் கிணற்றடியிலும் முளைத்தால் அது எண்டோமெற்றியோசிஸ். வீட்டுச் சுவரின் வெடிப்புக்குள் அரசங்கன்று வேர்விட்டால் அது அடினோமயோசிஸ். முன்னதில் வீட்டை இடித்தாலும் வளவில் முளைத்தது அப்படியே நிற்கும். பின்னதில் சுவரை உடைக்காமல் வேரை முழுதாக எடுப்பது கடினம். வைத்தியத்தில் இரண்டுக்கும் நடுவே வரும் பெரிய வேறுபாடு இந்த இரண்டு வசனங்களுக்குள் அடங்கிவிடும்.

இரண்டும் புற்றுநோய் அல்ல. இதை உரத்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஏனென்றால் "வளர்ந்திருக்கிறது" என்ற சொல்லைக் கேட்டதுமே பல வீடுகளில் அழுகை தொடங்கிவிடுகிறது.

ஏன் இந்தப் பெயர்க் குழப்பம்

மருத்துவர்களே நெடுங்காலம் இவை இரண்டையும் ஒரே நோயின் இரண்டு முகங்களாகத்தான் பார்த்தார்கள். 1860இல் வியன்னாவின் நோயியல் அறிஞர் கார்ல் ரொக்கிற்றான்ஸ்கி இப்படியான திசுவைப் பற்றி எழுதினார். பிறகு பல பத்தாண்டுகளுக்கு, தசைக்குள் இருப்பதை "உள் எண்டோமெற்றியோசிஸ்" என்றும் வெளியே இருப்பதை "வெளி எண்டோமெற்றியோசிஸ்" என்றும் சொல்லும் வழக்கம் இருந்தது. பழைய புத்தகங்களில் அந்தச் சொல் இன்னும் உண்டு.

1927இல் அமெரிக்க மருத்துவர் ஜோன் சாம்ப்சன் ஒரு விளக்கத்தை முன்வைத்தார். மாதவிடாய் இரத்தத்தின் ஒரு பகுதி கீழே போகாமல் பலோப்பியன் குழாய் வழியாகப் பின்னோக்கிச் சென்று இடுப்புக்குழிக்குள் விழுகிறது, அதிலுள்ள உயிரணுக்கள் அங்கே ஒட்டி வளர்கின்றன என்றார். இன்றும் அதிகம் பேசப்படும் விளக்கம் அதுதான். ஆனால் அது முழுக்கதை இல்லை. இப்படிப் பின்னோக்கிப் போவது பெரும்பாலான பெண்களுக்கு நடக்கிறது, எண்டோமெற்றியோசிஸ் வருவதோ உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி இனப்பெருக்க வயதினரில் ஏறக்குறைய 10 சதவீதத்தினருக்கு. மற்றவர்களின் உடல் அந்த உயிரணுக்களைத் துப்புரவாக்கிவிடுகிறது. இவர்களுக்கு ஏன் அது நடக்கவில்லை என்பதில் நோயெதிர்ப்புச் சக்திக்கும் பரம்பரைக்கும் பங்கு உண்டு. தாய்க்கோ சகோதரிக்கோ இருந்தால் வாய்ப்பு அதிகம்.

அடினோமயோசிஸுக்கான விளக்கம் வேறு. உட்படைக்கும் தசைக்கும் நடுவேயுள்ள எல்லை காயப்படும்போது திசு உள்ளே இறங்குகிறது என்பது பலர் ஏற்கும் கருத்து. பிள்ளைப்பேறு, சீஸர், கருப்பையைச் சுரண்டித் துப்புரவாக்கும் சத்திரசிகிச்சை போன்றவை அந்த எல்லையைப் பாதிக்கலாம்.

நோவும் இரத்தப்போக்கும்: எது முன்னுக்கு நிற்கிறது?

இரண்டிலும் நோ உண்டு, இரண்டிலும் இரத்தப்போக்குக் கூடலாம். அதனால் அறிகுறியை மட்டும் வைத்து உறுதியாகப் பிரிக்க முடியாது. இருந்தாலும் எது முன்னுக்கு நிற்கிறது என்று பார்த்தால் ஒரு திசை தெரியும்.

எண்டோமெற்றியோசிஸில் முன்னுக்கு நிற்பது நோ.

1. மாதவிடாய் தொடங்குவதற்குச் சில நாட்கள் முன்பே நோ ஆரம்பிக்கலாம். முடிந்த பிறகும் தொடரலாம். சிலருக்கு மாதம் முழுவதும் அடிவயிறு உளையும்.
2. மாதவிடாய் நாட்களில் மலம் கழிக்கும்போது குத்தும் நோ, சலம் போகும்போது கடுப்பு. குடல் வருத்தம், சலக்கடுப்பு என்று இவற்றுக்குத் தனித்தனியே மருந்து கொடுத்து வருடக்கணக்கில் இழுபடுவது உண்டு.
3. தாம்பத்திய உறவின்போது உள்ளே ஆழமாக நோவது. எங்கள் பெண்கள் இதைக் கேட்டாலும் சொல்லமாட்டார்கள். ஆனால் நோய் எதுவென்று கண்டுபிடிக்க இது மிக முக்கியமான தடயம்.
4. குழந்தை தங்காமை.

வெளியே ஒட்டிய திசுவும் அதே ஹோர்மோன்களுக்குக் கட்டுப்பட்டு வளர்ந்து கசிகிறது. கசிந்த இரத்தம் வெளியேற வழியில்லை. சுற்றியுள்ள இடம் அழற்சியால் சிவந்து தடிக்கிறது, தழும்பு விழுகிறது, உறுப்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. சூலகத்துக்குள் பழைய இரத்தம் தேங்கிக் கட்டியானால் கறுத்துக் கூழாகிவிடும். சொக்லேட் கட்டி என்று அதைச் சொல்வது அந்த நிறத்தால்.

இங்கே ஒரு விஷயம் பலரை ஏமாற்றுகிறது. நோய் எவ்வளவு பரவியிருக்கிறது என்பதும் எவ்வளவு நோகிறது என்பதும் ஒன்றல்ல. பரவலை வைத்துப் பிரிக்கும் நான்கு நிலைகளில் முதலாம் நிலையில் இருப்பவர் தரையில் சுருண்டு படுத்திருக்கலாம். நான்காம் நிலையில் இருப்பவர் குழந்தை தங்கவில்லை என்று பரிசோதிக்கப் போகும்வரை எதையும் உணராமல் இருக்கலாம். "கொஞ்சம்தானே இருக்கு, இவ்வளவு நோகாது" என்று யாராவது சொன்னால் அது பிழை.

அடினோமயோசிஸில் முன்னுக்கு நிற்பது பெரும்பாலும் இரத்தப்போக்கு. உட்படையின் பரப்புக் கூடிவிட்டது. தசை சரியாகச் சுருங்கி இரத்தக்குழாய்களை இறுக்க முடியவில்லை. அதனால் ஏழு நாட்களுக்கு மேல் போவது, ஒரு மணித்தியாலத்துக்கோ இரண்டுக்கோ ஒருமுறை பாட் மாற்ற வேண்டியிருப்பது, பத்து ரூபாய்க் குற்றி அளவிலோ அதைவிடப் பெரிதாகவோ கட்டி கட்டியாக விழுவது எல்லாம் நடக்கும். அடிவயிறு பாரமாக, கீழே இழுப்பது போல இருக்கும். நோ இடுப்புக்கும் தொடைக்கும் இறங்கும். அதேநேரம் மூன்றில் ஒரு பங்கினர் வரை எந்த அறிகுறியும் இல்லாமலும் இருப்பார்கள்.

இவ்வளவு இரத்தம் மாதாமாதம் போனால் அடுத்து வருவது இரத்தச்சோகை. படியேறினால் மூச்சிளைப்பு, தலைச்சுற்று, முகம் வெளிறுவது. வீட்டில் இதை "வேலை கூடிப்போச்சு" என்று எடுத்துக்கொள்வார்கள். கர்ப்பிணி அல்லாத பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 12க்குக் கீழே இறங்கினால் அது இரத்தச்சோகை. முருங்கையிலைச் சுண்டல் நல்லதுதான், ஆனால் இந்த அளவு இழப்பை அது ஈடுகட்டாது. இரும்புச்சத்துக் குளிசை வேண்டும். அதைப் பிளேன்டீயோடு விழுங்கக்கூடாது, சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் ஒரு மணித்தியாலமாவது தேநீரைத் தள்ளிவைக்க வேண்டும். தேயிலை இரும்புச்சத்தை உடல் உறிஞ்ச விடாது.

வயதுக் கணக்கை எவ்வளவு நம்பலாம்?

இளவயது என்றால் எண்டோமெற்றியோசிஸ், நாற்பதைத் தாண்டிப் பிள்ளைகள் பெற்றவர் என்றால் அடினோமயோசிஸ் என்று ஒரு வாய்ப்பாடு உண்டு. ஓரளவுக்கு அது சரி. ஆனால் அந்த வாய்ப்பாடு எப்படி வந்தது என்று பார்த்தால் அதன் பலவீனமும் தெரியும்.

முன்பெல்லாம் அடினோமயோசிஸை உறுதிப்படுத்த ஒரே ஒரு வழிதான் இருந்தது. கருப்பையை அகற்றி, ஆய்வுகூடத்தில் வெட்டி, நுணுக்குக்காட்டியில் பார்ப்பது. கருப்பையை யாருக்கு அகற்றுவார்கள்? பிள்ளைப்பேறு முடிந்த, நாற்பதுகளில் இருக்கும் பெண்களுக்கு. ஆகவே நோயும் அவர்களிடம்தான் கண்டுபிடிக்கப்பட்டது. இருபது வயதுப் பெண்ணின் கருப்பையை யாரும் வெட்டிப் பார்க்கவில்லை. ஸ்கானும் எம்.ஆர்.ஐ.யும் திருந்திய பிறகு இளம்பெண்களிடமும், பிள்ளை பெறாதவர்களிடமும் அடினோமயோசிஸ் தெரியவந்திருக்கிறது. வயது ஒரு குறிப்பு மட்டும்தான்.

இன்னொன்று: இரண்டும் ஒரே பெண்ணுக்கு இருக்கலாம். இது அரிதும் அல்ல. எண்டோமெற்றியோசிஸுக்குச் சத்திரசிகிச்சை செய்து வெளியே இருந்ததையெல்லாம் அகற்றிய பிறகும் நோ போகவில்லை என்றால், சுவருக்குள் அடினோமயோசிஸும் இருக்கிறதா என்று பார்ப்பது அதனால்தான்.

ஸ்கான் எதைக் காட்டும், எதைக் காட்டாது

யாழ்ப்பாணத்தில் பலருக்கு முதல் ஸ்கான் வயிற்றுக்கு மேலால் செய்வது. தண்ணீர் குடித்துச் சலப்பையை நிரப்பிக்கொண்டு படுக்கச் சொல்வார்கள். பெரிய கட்டி இருந்தால் இதில் தெரியும். ஆனால் இந்த இரண்டு நோய்களின் நுணுக்கங்களும் அதில் சரியாகப் பிடிபடுவதில்லை. யோனி வழியாகச் செய்யும் ஸ்கான்தான் கருப்பையின் சுவரையும் சூலகங்களையும் கிட்டத்தில் காட்டும்.

கலியாணமாகாத பெண்களுக்கு அந்த ஸ்கான் எங்கள் ஊர்களில் பெரும்பாலும் தவிர்க்கப்படுகிறது. பெண்ணின் விருப்பத்தை மதித்துத் தவிர்ப்பது சரியானது. ஆனால் அதனால் ஒரு பெரிய இடைவெளி விழுகிறது. உயர்தரம் படிக்கும் பிள்ளை மாதாமாதம் மூன்று நாள் பாடசாலைக்குப் போகாமல், சுடுதண்ணிப் போத்தலை வயிற்றில் அணைத்தபடி படுத்திருக்கிறாள். வயிற்று ஸ்கான் செய்கிறார்கள். "நோர்மல்" என்று வருகிறது. அதோடு தாய் நிம்மதியடைகிறார், பிள்ளையின் நோவுக்கு "சாட்டு" என்று பெயர் வந்துவிடுகிறது. அந்த ஸ்கான் ஒன்றும் இல்லை என்று நிரூபிக்கவில்லை. அந்தக் கருவிக்கு எட்டிய அளவில் ஒன்றும் தெரியவில்லை, அவ்வளவுதான். இப்படியானவர்களுக்கு எம்.ஆர்.ஐ. உதவும். ஸ்கானில் எதுவும் தெரியாவிட்டாலும் அறிகுறிகளை வைத்தே மருந்து தொடங்கலாம் என்பதுதான் இன்றைய மருத்துவ வழிகாட்டல்.

ஸ்கான்களில் எந்த நோய் எப்படித் தெரியும் என்பதைச் சுருக்கமாகச் சொன்னால்:

1. எண்டோமெற்றியோசிஸ்: சொக்லேட் கட்டி நன்றாகத் தெரியும். ஆழமாக ஊன்றிய முடிச்சுகள் அனுபவமுள்ளவரின் கண்ணுக்குத் தெரியும். இடுப்புக்குழிப் போர்வையில் மேலோட்டமாகப் படிந்த சிறு புள்ளிகள் எந்த ஸ்கானிலும் சரியாகத் தெரியாது.
2. அடினோமயோசிஸ்: கருப்பை உருண்டையாகப் பெருத்திருக்கும், முன்சுவரும் பின்சுவரும் வேறுவேறு தடிப்பில் இருக்கும், தசைக்குள் சிறு நீர்ப்பைகள் தெரியும். எம்.ஆர்.ஐ.யில் உட்படைக்கும் தசைக்கும் நடுவேயுள்ள எல்லைப்பட்டி 12 மில்லிமீற்றருக்கு மேல் தடித்திருந்தால் அது வலுவான அறிகுறி.

எண்டோமெற்றியோசிஸை உறுதியாகக் கண்ணால் காண லப்ரொஸ்கொபி உண்டு. மயக்கமருந்து கொடுத்து, தொப்புளருகே சிறு துளையிட்டு, கமரா விட்டுப் பார்ப்பது. முன்பு இதைச் செய்யாமல் நோயை உறுதிப்படுத்தமாட்டார்கள். ஐரோப்பிய வழிகாட்டல் 2022இல் இந்த இடத்தில் மாறியது. ஸ்கானில் ஒன்றும் தெரியாதபோதோ, மருந்து பலன் தராதபோதோ, மருந்து பொருந்தாதபோதோ செய்தால் போதும் என்கிறது. அடினோமயோசிஸுக்கு லப்ரொஸ்கொபி அவ்வளவு உதவாது. கமரா காண்பது கருப்பையின் வெளிப்புறத்தை, நோய் இருப்பதோ சுவருக்குள்.

சிஏ-125 என்ற இரத்தப்பரிசோதனையும் சிலருக்குச் செய்யப்படுகிறது. அது இந்த இரண்டு நோய்களிலும் உயரலாம், வேறு பல காரணங்களாலும் உயரலாம். அந்த எண் கூடியிருப்பதைக் கண்டதும் புற்றுநோய் என்று முடிவுகட்ட வேண்டாம்.

சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையின் சுகவனிதையர் கிளினிக்கில் செய்யும் பாப் பரிசோதனை பற்றியும் ஒரு விளக்கம் தேவை. அது கருப்பைக் கழுத்தின் உயிரணுக்களைப் பார்ப்பது. அது நோர்மல் என்று வந்தால் கழுத்தைப் பற்றிய நல்ல செய்தி, கட்டாயம் செய்துகொள்ள வேண்டிய பரிசோதனையும்கூட. ஆனால் இந்த இரண்டு நோய்களைப் பற்றியும் அது ஒன்றும் சொல்லாது.

றிப்போட்டில் வரும் வேறு சொற்கள்

அதே தாளில் இன்னும் சில சொற்கள் வந்து கலந்துவிடும். அவற்றையும் பிரித்துவிடுவோம்.

1. "உட்படை தடித்திருக்கிறது": இது இரண்டு நோய்களில் எதுவும் இல்லை. உட்படை தன் சொந்த இடத்திலேயே இருந்து தடித்திருக்கிறது. மாதவிடாய் முடிந்த கையோடு 4 மில்லிமீற்றர் அளவில் இருக்கும் உட்படை, அடுத்த மாதவிடாய்க்கு முன் 16 வரை போவது இயல்பு. ஆகவே ஸ்கான் செய்த திகதியைப் பார்க்காமல் அளவை மட்டும் பார்த்துப் பயப்படக்கூடாது. மாதவிடாய் நின்றுபோனவருக்கு மறுபடி இரத்தம் பட்டால் கதை வேறு. அது ஒரு துளியாக இருந்தாலும் காட்ட வேண்டும். அங்கே 4 மில்லிமீற்றருக்கு மேலான தடிப்பு, உட்படையில் சிறிது எடுத்துப் பரிசோதிக்க வேண்டும் என்பதற்கான அடையாளம்.
2. ஃபைப்ரொயிட்: தசையிலேயே உருவாகும், ஓரம் தெளிவான உருண்டைக் கட்டி. அதைச் சுற்றிப் பிரித்தெடுக்கலாம். அடினோமயோசிஸுக்கு அப்படியான ஓரம் பெரும்பாலும் இல்லை, தசையோடு கலந்து கிடக்கும். ஸ்கானில் ஒன்றை மற்றதாக எண்ணுவது நடக்கும்.
3. எண்டோமெற்றைற்றிஸ்: பெயர் கிட்டத்தட்ட ஒன்று, நோய் முற்றிலும் வேறு. உட்படையில் கிருமித்தொற்று. பிள்ளைப்பேற்றுக்குப் பிறகோ கருக்கலைவுக்குப் பிறகோ காய்ச்சலோடு வரும். அன்டிபயோட்டிக் கொடுப்பார்கள்.
4. பி.சி.ஓ.எஸ்.: சூலகத்தில் நீர்க்கட்டிகள் என்று சொல்லப்படுவது. மாதவிடாய் தள்ளிப்போவது இதன் அடையாளம். சொக்லேட் கட்டிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

வைத்தியத்தில் எங்கே பாதை பிரிகிறது

தொடக்கத்தில் இரண்டுக்கும் பாதை ஒன்றுதான். நோவுக்கு மெஃபனமிக் அமிலம், ஐபூபுரொஃபென் போன்ற குளிசைகள். நோ முற்றிய பிறகு போடுவதைவிடத் தொடங்கும்போதே போட்டால்தான் பலன். சாப்பிட்ட பிறகு எடுக்க வேண்டும். வயிற்றுப்புண், சிறுநீரக வருத்தம், ஆஸ்துமா உள்ளவர்கள் டொக்டரைக் கேட்காமல் எடுக்கக்கூடாது. இரத்தப்போக்குக் கடுமையாக இருந்தால் ட்ரனெக்ஸாமிக் அமிலம். அப்புறம் ஹோர்மோன் மருந்துகள். ஈஸ்திரஜனும் புரஜெஸ்தரோன் வகையும் சேர்ந்த கூட்டுக் குளிசை, நோரெதிஸ்டெரோன், டயனோஜெஸ்ட் என்று பல உண்டு.

கூட்டுக் குளிசை என்றதும் வீடுகளில் ஒரு தடை வருகிறது. "குடும்பக் கட்டுப்பாட்டுக் குளிசையைக் கலியாணமாகாத பிள்ளைக்குத் தருகிறார்களே" என்று தாய்மார் பெட்டியை ஒளித்து வைப்பார்கள். சிலர் குளிசையைக் கொடுக்காமலே விட்டுவிடுவார்கள். இங்கே அது மருந்து. உட்படைத் திசுவின் வளர்ச்சியை அடக்கி, மாதாமாதக் கசிவைக் குறைக்கிறது. நிறுத்தினால் மாதவிடாயும் கருத்தரிக்கும் தன்மையும் திரும்பும். பின்னாளில் பிள்ளைப்பேறு இல்லாமல் போகும் என்ற பயத்துக்கு அடிப்படை இல்லை.

கருத்தடைக்காகக் கருப்பைக்குள் வைக்கும் "லூப்" என்ற சொல்லிலும் ஒரு குழப்பம் உண்டு. கிளினிக்கில் சாதாரணமாகப் போடும் செப்பு லூப் இரத்தப்போக்கைக் கூட்டக்கூடியது. புரஜெஸ்தரோன் வகை ஹோர்மோனைக் கருப்பைக்குள்ளேயே சிறிது சிறிதாக விடும் லூப் வேறு. அது ஐந்து வருடம் வரை இரத்தப்போக்கைப் பெருமளவு குறைக்கும். அடினோமயோசிஸுக்கு அது மிக நல்ல தெரிவுகளில் ஒன்று. "லூப் போட்டுத்தான் எனக்குக் கூடினது" என்று அயலவர் சொல்வது முதலாவதைப் பற்றியதாக இருக்கலாம்.

பாதை பிரிவது சத்திரசிகிச்சையில்.

எண்டோமெற்றியோசிஸில் சத்திரசிகிச்சை என்றால் வெளியே ஒட்டியிருப்பதைத் தேடி வெட்டியெடுப்பது, ஒட்டிப்போன உறுப்புகளைப் பிரிப்பது. கருப்பையை மட்டும் எடுத்துவிட்டு மற்றதை விட்டால் நோ தொடரலாம். நன்றாகச் செய்தாலும் சில வருடங்களில் திரும்பி வரவும் கூடும். சொக்லேட் கட்டியைத் திரும்பத் திரும்ப வெட்டினால் சூலகத்திலுள்ள முட்டைகளின் கையிருப்புக் குறையும். ஆகவே பிள்ளை வேண்டும் என்பவர், கத்தி வைக்கும் முன்பே அதை டொக்டரிடம் சொல்லிவிட வேண்டும்.

அடினோமயோசிஸில் நோய் முழுதும் கருப்பைக்குள் இருப்பதால், பிள்ளைப்பேறு முடிந்த, மருந்துக்கு அடங்காத பெண்ணுக்குக் கருப்பையை அகற்றுவது உண்மையிலேயே தீர்வு. சூலகங்களையும் சேர்த்து எடுக்க வேண்டிய கட்டாயம் இல்லை. கருப்பைக்கும் சூலகத்துக்கும் வித்தியாசம் தெரியாமல் "எல்லாத்தையும் எடுத்துப் போடுங்கோ" என்று கையெழுத்து வைக்கும் பெண்கள் உண்டு. சூலகங்கள் போனால் மாதவிடாய் நிற்கும் காலம் ஒரே நாளில் வந்துவிடும். எலும்புத் தேய்வும் இதயநோய் அபாயமும் முன்கூட்டியே தொடங்கும். எதை எடுக்கப்போகிறார்கள், எதை விடப்போகிறார்கள், ஏன் என்று கேட்பது நோயாளியின் உரிமை. மாதவிடாய் நிற்கும் வயது நெருங்கியவர்களுக்கு இன்னொரு நல்ல செய்தி: அது இயல்பாக நின்றதும் இந்த நோய் பெரும்பாலும் தானாக அடங்கிவிடும். ஓரிரு வருடங்களை மருந்தோடு கடக்க முடியுமா என்று கேட்டுப் பார்க்கலாம்.

"கலியாணம் கட்டினால் சரிவரும்"

இந்த வசனத்தைக் கேட்காத பெண் யாழ்ப்பாணத்தில் இருப்பாரோ தெரியாது. அம்மம்மா சொல்வார், பெரியம்மா சொல்வார், சில சமயம் வெள்ளைச் சட்டை போட்டவர்களும் சொல்லிவிடுவார்கள். கர்ப்பகாலத்தில் மாதவிடாய் இல்லாததால் சிலருக்கு நோ தணிவது உண்மை. பிள்ளை பிறந்து மாதவிடாய் திரும்பியதும் அதுவும் திரும்பலாம். பிள்ளை பெறுவது எண்டோமெற்றியோசிஸுக்கு வைத்தியம் அல்ல, அதை வைத்தியமாகச் சொல்லவே கூடாது என்று மருத்துவ வழிகாட்டல்கள் வெளிப்படையாகச் சொல்கின்றன.

இந்தப் பேச்சின் கொடுமை வேறொரு இடத்தில் இருக்கிறது. எண்டோமெற்றியோசிஸ் உள்ளவர்களில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதிப்பேர் வரை கருத்தரிப்பதில் சிரமப்படுகிறார்கள். நோவைத் தீர்க்கக் கலியாணம் செய்துவைத்து, பிறகு பிள்ளை இல்லை என்று அவளையே குறைசொல்வது ஒரே வீட்டில் நடக்கிறது. உறவின்போது நோ என்பதால் கணவனோடும் மனத்தாங்கல் வரும். பதினாறு வயதில் அவள் நோகிறது என்று சொன்னபோது கேட்டிருந்தால் இதில் பாதி நடந்திராது. சிரமம் என்பது முடியாது என்பதும் அல்ல. இரண்டு நோய்களோடும் இயல்பாகப் பிள்ளை பெற்றவர்கள் ஏராளம். உதவி தேவைப்பட்டால் நேரத்தோடு தேட வேண்டும், 35 வயதைத் தாண்டியவர்கள் ஆறு மாதத்துக்கு மேல் காத்திருக்க வேண்டாம்.

கிளினிக்குக்குப் போகும் முன்

போதனா வைத்தியசாலையின் கிளினிக்கிலும் சரி, தனியாரிடம் சனல் பண்ணிப் போனாலும் சரி, டொக்டருக்கு முன்னால் கிடைப்பது சில நிமிடங்கள்தான். "வயிறு நோகுது டொக்டர்" என்பதோடு அந்த நிமிடங்கள் முடிந்துவிடும். ஆகவே மூன்று மாதத்துக்குச் சுவர்க் கலண்டரிலேயே குறித்துக்கொண்டு போங்கள்.

1. மாதவிடாய் தொடங்கிய நாள், முடிந்த நாள்.
2. நோ இருந்த ஒவ்வொரு நாளும், பத்துக்கு எத்தனை என்று ஓர் எண். மாதவிடாய் இல்லாத நாளில் நொந்தால் அதையும்.
3. ஒரு நாளைக்கு எத்தனை பாட், கட்டி விழுந்ததா.
4. மலம், சலம் போகும்போது நொந்த நாட்கள். மணமானவர் என்றால் உறவின்போது நோ உண்டா என்பது. வாயால் சொல்லக் கூச்சமாக இருந்தால் தாளில் எழுதி நீட்டுங்கள்.
5. எடுத்த குளிசைகள், அவற்றால் நோ குறைந்ததா.
6. பாடசாலைக்கோ வேலைக்கோ போகாத நாட்கள்.

நல்லூர்த் திருவிழாவுக்கோ வீட்டுக் கலியாணத்துக்கோ மாதவிடாயைத் தள்ளிப்போடக் குளிசை எடுத்திருந்தால் அதையும் மறைக்காமல் குறியுங்கள். அதுவும் ஹோர்மோன் மருந்துதான். அதைச் சொல்லாவிட்டால் டொக்டரின் கணக்குப் பிழைத்துவிடும்.

அப்புறம் மூன்று கேள்விகளைக் கேட்டு, பதிலைக் கிளினிக் கொப்பியில் எழுதுவித்துக்கொள்ளுங்கள். எனக்கு இருப்பது இரண்டில் எது, அல்லது இரண்டுமா? அதை எதை வைத்துச் சொல்கிறீர்கள், ஸ்கானா அறிகுறியா? இந்த மருந்து எத்தனை மாதத்தில் பலன் தராவிட்டால் நான் திரும்பி வர வேண்டும்?

கிளினிக் திகதிக்காகக் காத்திருக்கக்கூடாத சந்தர்ப்பங்களும் உண்டு. திடீரென ஒரு பக்கத்தில் வெட்டியது போன்ற நோ, அதோடு வாந்தி அல்லது மயக்கம். அடிவயிற்று நோவோடு காய்ச்சல். மாதவிடாய் தள்ளிப்போயிருக்கும்போது வரும் நோவும் இரத்தப்போக்கும். மணிக்கொரு பாட் முழுதாக நனைந்து தலைசுற்றுவது. இவற்றில் எது வந்தாலும், பருத்தித்துறை, தெல்லிப்பளை, சாவகச்சேரி, ஊர்காவற்துறை என்று கிட்ட இருக்கும் ஆதார வைத்தியசாலைக்கு அந்த நேரமே போக வேண்டும். இரவு என்றால் 1990க்கு அழைத்தால் அம்புலன்ஸ் இலவசமாக வரும். ஸ்கான் றிப்போட்டையும் குளிசைப் பெட்டிகளையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.